அகிலா கைதட்டுவதில்லை

“சலங்கை வெளியே” என்றார் அகிலா, கதவைப் பாதி மட்டும் திறந்து வைத்துக்கொண்டு. நீலாவதி பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். “கிளாஸ்லேருந்து நேரா வர்றேங்க்கா. தொடமாட்டேன், சத்தியமா.” “போன வாரமும் சத்தியம் பண்ணே. வெளியே.” சலங்கை மாடிப்படித் திருப்பத்தில் கிடக்கும் பிளாஸ்டிக் தொட்டிக்குள் போயிற்று. அதில் விஸ்வநாதனின் கேமராவும் என் வரைதாள்களும் முன்பே கிடந்தன. “யாராவது எடுத்துட்டுப் போயிட்டா?” என்று விஸ்வநாதன் வழக்கம்போலக் கேட்டார். “போனா உங்களுக்கு நிம்மதி. வந்து உட்காருங்க” என்றார் அகிலா, வழக்கம்போல.

லேக் மார்க்கெட்டில், நம்மவர் மளிகைக்கடை ஒன்றின் தலைக்கு மேலே, மூன்றாவது மாடியில் இருக்கிறது அவருடைய சேம்பர். கொல்கத்தாவில் டாக்டர், வக்கீல், இவரைப் போல மனநல ஆலோசகர் எல்லாருக்கும் ஆலோசனை அறை என்றால் சேம்பர்தான். கீழேயிருந்து பெருங்காயமும் காப்பிப்பொடியும் மணந்துகொண்டே இருக்கும். வாரம் முழுவதும் வங்காளிகளோடு வங்காளத்தில் பேசுகிறவர், சனிக்கிழமை மாலையைத் தமிழுக்கென்று ஒதுக்கியிருக்கிறார். தமிழுக்கென்றால், இந்த ஊர்த் தமிழர்களில் கலையால் கெட்டுப்போன எங்களுக்கு. நீலாவதி ஜாதவ்பூரில் பரதம் சொல்லித் தருகிறாள். மேடை ஏறினால் மட்டும் கால் மரத்துவிடும். விஸ்வநாதன், மனைவி இறந்த பிறகு, கேமராவைத் தூக்குவார், கண்ணில் வைப்பார், அமுக்கமாட்டார். நான் பத்திரிகைகளுக்குக் கேலிப்படம் போடுகிறவன். ஒரு வருடமாக எந்த முகத்தை வரைந்தாலும் என் முகமாகவே வந்து தொலைக்கிறது.

அகிலாவுக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். அப்பா விருத்தாசலத்துக்காரர், ரயில்வேயில் வேலை. மகள் பிறந்து வளர்ந்தது கரக்பூர் குவார்ட்டர்ஸில். வங்காளத்துக் கைத்தறிப் புடவையை நம் ஊர்க்கட்டாகக் கட்டியிருப்பார். முறுக்கை ஓசை வராமல் தின்னத் தெரிந்த ஒரே மனுஷி. விஸ்வநாதன் அவரை “டாக்டரம்மா” என்பார், “நான் டாக்டர் இல்ல சார். மாத்திரை எழுதுறவர் வேற, நான் பேசுறவ” என்று ஒவ்வொரு முறையும் அகிலா அலுக்காமல் திருத்துவார். உண்மையில் பேசுவதே குறைவு. “அப்புறம்?” என்ற ஒரு சொல்லை வைத்தே காலத்தை ஓட்டுகிறார். அதைச் சாதாரணமாகச் சொன்னால் தொடரலாம் என்று பொருள். இழுத்துச் சொன்னால் நாம் புளுகுகிறோம் என்று பொருள்.

அந்த அறையில் ஒரே ஒரு சட்டம். யாரும் எதையும் செய்து காட்டக் கூடாது. பாடுகிறவர் முணுமுணுக்கக் கூடாது, நான் கட்டை விரலால் மேஜைத் தூசியில் ஒரு மூக்கு வரையக் கூடாது. “பாராட்டு உங்களுக்கு சாராயம் மாதிரி. ஒரு வாய் உள்ளே போச்சுன்னா சொல்ல வந்ததை விட்டுட்டு ஆட ஆரம்பிச்சுடுவீங்க. நான் வைத்தியம் பாக்க வந்தவ, டிக்கெட் வாங்கி வந்தவ இல்ல.” அழைப்பிதழ் கொடுத்தால் வாங்கமாட்டார். ஒருநாள் கீழ்க்கடை முறுக்கு என் படம் வந்த பத்திரிகைத் தாளிலேயே கட்டி வந்தது. பிரித்தார், படத்தைப் பார்த்ததும் தாளைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு தின்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நாலு பேர் நல்லதாகச் சொல்லமாட்டார்களா என்று ஏங்கி ஏங்கித்தானே இந்தப் பிழைப்புக்கே வந்தோம்?

இதை எழுதப்போகிறேன் என்றபோது, “மத்தவங்க பேரை மாத்திடுங்க. என் பேர் இருக்கட்டும். என்ன வேணா எழுதுங்க, நல்லவன்னு மட்டும் எழுதிடாதீங்க” என்றார். நல்லவர் என்று நான் எழுதப்போவதில்லை. ஒரு சனிக்கிழமை என்ன செய்தார் என்று மட்டும் எழுதுகிறேன்.

எங்களில் நாலாவது ஆள் தீபக். முப்பது வயது ஆகவில்லை. அப்பா தமிழர், அம்மா வங்காளி. தமிழை விட வங்காளம்தான் சரளம். வங்காள நாடக நடிகன். இந்த ஊரில் எந்த சேம்பருக்குப் போனாலும் வாசலில் ஒரு நாடகக்காரன் உட்கார்ந்திருப்பான்; அதனால் தமிழர்களிடம் போனால் தன்னை யாருக்கும் தெரியாது என்று கணக்குப் போட்டு வந்து சேர்ந்தவன். அவனுடையது, மனம் சில மாதம் தரையோடு தரையாகக் கிடந்து எழ மறுக்கும், சில மாதம் கூரையைப் பிய்த்துக்கொண்டு ஏறும் நோய். டாக்டர் கொடுத்த மாத்திரையில் ஒருவாறு நடுவில் நின்றுகொண்டிருந்தான். அப்போதுதான் அவனுக்கு முதல் பெரிய வேஷம் கிடைத்தது. ஓடாமல் நிறுத்தப்பட்ட ஒரு டிராம் வண்டியின் கூரையில் ஏறிக்கொண்டு, இறங்கமாட்டேன் என்று அடம்பிடிக்கும் டிரைவர் வேஷம். நாடகம் அடுத்த வெள்ளிக்கிழமை.

அந்த சனிக்கிழமை அவன் சந்தேஷ் இனிப்பு டப்பாக்களோடு வந்தான். ஆளுக்கு ஒன்று அல்ல, ஆளுக்கு நாலைந்து. தன் பிரம்பு மோடாவில் உட்காரவில்லை. ஒரு பேச்சு முடிவதற்குள் அடுத்தது, அதற்குள் இன்னொன்று. எல்லாமே வேடிக்கையாக வேறு இருந்தது; நாங்கள் சிரித்துக்கொண்டே இனிப்பைத் தின்றோம். அகிலா தன் டப்பாவைத் திறக்கவில்லை.

“எப்ப தூங்கினே தீபக்?”

“தூக்கம் எதுக்கு மாஷி? தூங்கறவன் எல்லாம் ஆடியன்ஸ்.” மாஷி என்றால் வங்காளத்தில் அம்மாவுடன் பிறந்தவள். அவரை அப்படித்தான் கூப்பிடுவான்.

“மாத்திரை?”

“விட்டுட்டேன். அது போட்டா நடுவுல ஒரு கண்ணாடி வந்துடுது. நான் இந்தப் பக்கம், டிரைவர் அந்தப் பக்கம். இப்போ கண்ணாடி ஏக்தம் இல்ல மாஷி, சுத்தமா இல்ல. பாக்கறீங்களா?”

“பாக்கல. உட்காரு.”

அவன் உட்காரவில்லை. திறந்திருந்த கதவு வழியாகப் பால்கனிக்குப் போனான். அந்தப் பழைய வீட்டின் பால்கனிக்குக் கம்பி கிடையாது. இடுப்பளவு சிமெண்டுச் சுவர்தான். ஒரே தாவலில் அதன்மேல் ஏறி நின்றுவிட்டான். கீழே பூக்கடைகள், ஆட்டோ வரிசை, சனிக்கிழமைக் கூட்டம். அவன் எங்கள் பக்கம் திரும்பி நின்று பேச ஆரம்பித்தான்.

வங்காளத்தில்தான் பேசினான். எங்கள் எல்லோருக்கும் அது புரியும். இவ்வளவு வருடம் மணியடித்து ஊரை ஒதுங்கச் சொன்னேன், இன்றைக்கு ஊர் என்னை ஒதுங்கச் சொல்கிறது, எங்கே ஒதுங்குவது, தண்டவாளத்தை விட்டு எனக்குத் திரும்பத் தெரியாதே என்கிறான் அந்த டிரைவர். நான் எத்தனையோ நாடகம் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு குரலைக் கேட்டதில்லை. நீலாவதி அழுதாள். விஸ்வநாதனின் விரல் தானாக மடங்கி, இல்லாத கேமராவை அமுக்கிற்று. அவன் பேச்சை நிறுத்தி மூச்சு வாங்கியபோது நாங்கள் மூவரும் கைதட்டினோம். கலைஞர்கள் அல்லவா! எதிரே ஒரு பிள்ளை சாவின் விளிம்பில் நிற்கிறான், எங்களுக்கு அது நல்ல நடிப்பாகத் தெரிந்தது.

கைதட்டல் கேட்டதும் அவன் முகம் மலர்ந்தது. கையை விரித்துக்கொண்டு ஒரு அடி பின்னால் வைத்தான். குதிகால் சுவரைத் தாண்டி வெளியே போயிற்று. அப்போதுதான் எனக்கு உறைத்தது. எழுந்து ஓடலாமென்றால், நான் அசைந்தாலே அவன் இன்னொரு அடி வைத்துவிடுவானோ என்று பயம். அகிலா மட்டும் தன் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

“நல்லாயில்ல” என்றார்.

தீபக்கின் கை பாதியில் நின்றது. “என்ன?”

“நல்லாயில்லன்னேன். வெறும் கத்தல். டிராம் ஓட்டுறவன் இப்படியா பேசுவான்? நீ மீட்டிங்ல பேசுற மாதிரி பேசுறே.”

எங்கள் கலையைப் பற்றி நல்லது கெட்டது என்று இத்தனை நாளில் ஒரு வார்த்தை சொல்லாத மனுஷி. அவன் முகம் சிவந்து கறுத்தது. “உங்களுக்கு என்ன தெரியும் நாடகத்தைப் பத்தி?”

“எனக்குத் தெரியாது. கடைசிப் பாதி இழுவைன்னு மட்டும் தெரிஞ்சுது. எனக்குக் கொட்டாவி வந்துச்சு.”

“கொட்டாவியா?”

“ஆமா. வேணும்னா வந்து சண்டை போடு. அங்கேருந்து கத்தாதே, காது வலிக்குது.”

அவன் உள்பக்கமாகக் குதித்தான். நேரே அவர் முகத்துக்கு முகம் வந்து நின்று வங்காளத்தில் திட்டினான். எழுதக்கூடிய திட்டு இல்லை. அகிலா கண்ணால் எனக்கு ஜாடை காட்டினார். நான் போய்ப் பால்கனிக் கதவுக்குக் குறுக்கே நின்றுகொண்டேன். அவர் விடாமல் அவன் நடிப்பில் குற்றம் சொல்லிக்கொண்டே இருந்தார். உச்சரிப்பு சரியில்லை, கை நீளம், மூச்சு வாங்குவது தெரிகிறது. அவன் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிச் சொல்லிக் களைத்து, தரையில் உட்கார்ந்தான். பிறகு அவன் எதிரிலேயே போனை எடுத்தார். “உன் அம்மாவைத்தான் கூப்பிடுறேன். உயிருக்கு ஆபத்துன்னா யாரைக் கூப்பிடணும்னு முதல் நாளே நீ சொன்ன பேரு. மறைவா செய்யல, உனக்குக் கேக்குற மாதிரிதான் பேசுறேன்.”

அம்மா டாக்ஸியில் வந்தாள். போகும்போது அவன் திரும்பி, “என்னைக் கொன்னுட்டீங்க மாஷி” என்றான்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வெள்ளிக்கிழமை வேறொருவன் டிராமின் மேல் ஏறினான். தீபக்குக்கு உடம்பு தேறிற்று, தூக்கம் வந்தது, மாத்திரையை மறுக்காமல் போட்டுக்கொள்கிறான் என்று அவன் அம்மா போனில் சொன்னாள். ஆனால் நாடகக் குழுவிலிருந்து யார் வந்தாலும் கதவைத் திறப்பதில்லையாம். “எனக்கு நடிப்பு வராது, மாஷியே சொல்லிட்டாங்க” என்கிறானாம்.

அந்த வாரங்களில் அகிலா சரியாக இல்லை. அவனுடைய மோடாவை ஓரமாகத் தள்ளவும் விடவில்லை. நீலாவதி ஏதோ சொல்லி முடித்து வெகுநேரமாகியும் “அப்புறம்?” வரவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. “அவனைக் கூப்பிட்டு, பிரமாதமா இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன்? நிஜமாவே பிரமாதமாத்தானே இருந்துச்சு?” என்றேன்.

“சொல்லலாம். மாத்திரை இல்லாம நடிச்சது பிரமாதம்னு அவன் காதுல விழும். அடுத்த தடவை எந்த மாடிலேருந்து இறக்குவீங்க?”

“அப்போ சொல்லாம விட்டா?”

“விட்டா, உயிரோட இருப்பான். நடிக்கமாட்டான்.” எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். அவரைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது.

போன சனிக்கிழமை அவன் வந்தான். கன்னம் உப்பி, கண் மந்தமாகி, ஒரு சுற்றுப் பருத்திருந்தான். நேரே போய்த் தன் மோடாவில் உட்கார்ந்தான். நாங்கள் ஆளாளுக்கு வேறு பக்கம் பார்த்தோம். அவன் தரையைப் பார்த்தபடியே கேட்டான்.

“மாஷி, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அன்னைக்கு நிஜமா நல்லாயில்லையா?”

நீலாவதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். எந்தப் பதில் வந்தாலும் அவனுக்கு ஆபத்து என்று எங்களுக்குத் தெரியும்.

“நல்லாயில்லன்னு நான் சொன்னது பொய்” என்றார் அகிலா. அவன் தலை நிமிர்ந்தது. “நல்லாயிருந்துச்சுன்னு சொன்னா அதுவும் பொய்தான். நான் பாக்கவே இல்ல, தீபக். நீ ஏறினதுலேருந்து இறங்கற வரைக்கும் உன் காலைத்தான் பாத்துட்டிருந்தேன். நீ என்ன பேசினேன்னு ஒரு வார்த்தை எனக்குத் தெரியாது.”

அவன் உதடு கோணிற்று. அழுகிறானா சிரிக்கிறானா என்று சொல்ல முடியவில்லை.

“இப்போ மாத்திரை போட்டுட்டு இருக்கேன்” என்றான் கடைசியில், ரொம்பத் தாழ்ந்த குரலில். “கண்ணாடி இருக்கு. எப்படி வரும்னு தெரியல. வராமலே போகலாம். ஆனா ஒரு தடவை செஞ்சு பாக்கட்டுமா? இங்கே?”

எங்கள் மூவர் கண்ணும் அகிலாவிடம் போயிற்று. அவர் எழுந்தார். பால்கனிக் கதவைச் சாத்தி, மேல் தாழும் கீழ்த் தாழும் போட்டார். திரும்பி வந்து, தன் நாற்காலியைத் தூக்கி, அவன் முகத்துக்கு நேரே போட்டு உட்கார்ந்தார்.