மகேந்திரராசா முகடு வைத்த விதம்

மகேந்திரராசாவைப் பற்றிப் பாரிசின் லா சப்பலில் யாரைக் கேட்டாலும் இரண்டு விஷயங்கள் சொல்வார்கள். பலசரக்குக் கடை முதலாளி, சங்கத் தலைவர். மூன்றாவது விஷயத்தை அவர் வெளியே விடுவதில்லை. பிரான்சுக்கு வந்த புதிதில் பத்துப் பன்னிரண்டு வருடங்கள் கோஸ்தா என்ற போர்த்துக்கேய முதலாளியிடம் அவர் கூரை வேலை செய்தார். என் அப்பா அந்த முதலாளியின் வான் வண்டியை ஓட்டியவர். "முகடு வைக்கிறதிலை அவனை வெல்ல ஆளில்லை" என்று அப்பா இன்றைக்கும் சொல்வார். மகேந்திரராசாவின் மேடைப் பேச்சில் அந்த வருடங்கள் "நிர்மாணத் துறையில் நிர்வாகப் பொறுப்பு" ஆகிவிடும். ஏணி ஏறிப் பிழைத்தவர் என்று ஒருவரும் நினைத்துவிடக் கூடாதே என்று, கடையில் மேல்தட்டு ஊறுகாய்ப் போத்தலை எடுக்கவும் வேலையாளைக் கூப்பிடுவார்.

2011 இலையுதிர் காலத்தில் அற்புதராணி ரீச்சரின் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு இடமில்லாமல் போனது. அதுவரை நடந்த மண்டபத்தைத் திருத்த வேலைக்காக மூடிவிட்டார்கள். சின்ன வகுப்பை நான் எடுத்துக்கொண்டிருந்தேன். "நத்தார்ப் பண்டிகைக்குள்ளை ஒரு காய்ஞ்ச அறை கிடைக்காட்டி தாய்தகப்பன் பிள்ளையளை நிப்பாட்டிப்போடுவினம். நிண்ட பிள்ளை பிறகு வராது" என்றார் ரீச்சர்.

சங்கத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. தன் கடைக்குப் பின்னால், முற்றத்தில் இருந்த பழைய தையல் பட்டறையை வகுப்புக்குத் தருவதாக மகேந்திரராசா அறிவித்தார். ஓட்டைக் கூரையைப் பிரித்துப் புதிதாகப் போடவும் ஏற்பாடு செய்தார். தாரில் தோய்த்து மேலே பொடிக்கல் ஒட்டிய, வளையக்கூடிய தகடுகள்; இங்கே தோட்டத்துக் கொட்டில்களுக்குப் போடுவது. கூலிக்கு வந்த இருவர் இரண்டு சரிவையும் ஒரு வாரத்தில் மூடினார்கள். சரிவுகள் சேரும் முகட்டை மட்டும் தொட வேண்டாம் என்று அவர்களை அனுப்பிவிட்டார்.

காரணம் அழைப்பிதழில் இருந்தது: முகடு சூட்டு விழா. எங்கள் விழாக்களில் ஒரு குத்துவிளக்கை ஒருவர் ஏற்ற முடியாது. திரிக்கு ஒருவராக, ஒலிவாங்கியில் பெயர் வாசித்து, வரிசையாகக் கூப்பிட வேண்டும். திரியைப் பங்கிட்டுப் பழகியவர் இப்போது முகட்டைப் பங்கிட்டிருந்தார். ஆளுக்கு ஒரு துண்டு. சங்கத்தில் பெரிய மனிதர்களுக்குப் பஞ்சமில்லை. முகட்டின் நீளத்துக்குத் தாராளமாக இருந்தார்கள்.

விழாவுக்கு முதல்நாள் புத்தக அலுமாரியைப் பூட்டும் திறப்பு வாங்கப் போனபோது, கடையின் பின்னறையில் அவர் தனியே துண்டு வெட்டிக்கொண்டிருந்ததைக் கண்டேன். தகட்டைக் கவிழ்த்துப்போட்டு, கொக்கி அலகுக் கத்தியால் ஒரே இழுவையில் மூன்றாகப் பிரித்தார். ஒவ்வொரு துண்டின் மேற்பாதியையும் இரண்டு பக்கமும் உள்ளே சரித்துச் சீவினார்; அடுத்த துண்டு மூடும்போது ஓரம் பிதுங்காது. குளிரில் மடித்தால் வெடிக்கும் என்று வெட்டியவற்றை வெப்பமூட்டியின் பக்கத்தில் அடுக்கியிருந்தார்.

என்னைக் கண்டதும், "வேலையாள் வெட்டினது பிள்ளை. நான் சும்மா எண்ணிப் பாக்கிறன்" என்றார். கத்தி கையில்தான் இருந்தது.

மறுநாள் துண்டுகள் தாம்பாளத்தில் வந்தன. ஒவ்வொன்றிலும் சந்தனப் பொட்டு. சுத்தியலுக்குப் பட்டு நாடா. வயதில் மூத்தவர், நகைக்கடை செபஸ்தியாம்பிள்ளை, சிலுவை போட்டுக்கொண்டு சாரக்கட்டில் ஏறி முதல் துண்டை அடித்தார். கீழே கைதட்டினார்கள். அடுத்ததாக விமானச் சீட்டு முகவர் பிருந்தாபன் ஏறினார். முகட்டில் முன்பே அடித்திருந்த சுண்ணக்கோடு காட்டியபடி தன் துண்டை முதல் துண்டின் மேல் பாதிக்கு ஏற்றி வைத்தார்.

"தம்பி, கையை எடும். என்ரையை ஏன் மூடுறீர்?"

"நான் எங்கை மூடுறன்? கோடு இதிலைதான் கிடக்கு."

"நான் அடிச்ச ஆணி இன்னும் ஆறேல்லை, அதுக்கிடையிலை என்ரை தலையிலை ஏறுறீர்!"

"அண்ணை, உங்கடை தலையிலை ஏற ஏணி காணாது."

கீழே நின்ற மகேந்திரராசா வாய்விட்டுவிட்டார். "அண்ணை, அது அப்பிடித்தான். ஒண்டின்ரை ஆணியை மற்றது மூட வேணும். ஆணி தெரிஞ்சால் ஒழுகும்."

பிருந்தாபன் மேலிருந்து குனிந்து பார்த்தார். "தலைவர் கன கூரை கண்ட ஆள் போலை கதைக்கிறார்!"

எல்லோரும் சிரித்தார்கள். சாதாரணச் சிரிப்புத்தான். மகேந்திரராசாவின் முகம் கறுத்தது.

"சீச்சீ, எனக்கெங்கை உதெல்லாம் தெரியும்? தகட்டுக் கட்டின்ரை உறையிலை எழுதியிருந்தது." தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஆற்றையையும் ஆரும் மூட வேண்டாம். பக்கத்திலை பக்கத்திலை வையுங்கோ. எல்லாற்றையும் தெரியட்டும்."

அற்புதராணி ரீச்சர் அவரிடம் போய் மெதுவாகக் கேட்டார். "மகேந்திரராசா, ஒழுகாதோ?"

"ரீச்சர், நீங்கள் ஆனா ஆவன்னாவைப் பாருங்கோ."

அப்படியே நடந்தது. துண்டுக்குத் துண்டு முட்டி, ஆணித் தலை எல்லாம் வானத்தைப் பார்க்க, பெரிய மனிதர்கள் வரிசையாக முகட்டில் படுத்தார்கள். அவரவர் துண்டோடு அவரவருக்குப் படம். ஒழுகும் என்று அங்கே நிச்சயமாகத் தெரிந்த ஒரே மனிதர் எல்லோருக்கும் பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தார்.

நவம்பர் மழைக்கு அந்தக் கூரை ஒரு சனிக்கிழமைகூடத் தாங்கவில்லை. முகட்டுக்கு நேர் கீழே, அறையின் நடுவால் வரிசையாகச் சொட்டியது. வாளிகள் வைத்தோம். பிள்ளைகள் மழைச்சட்டையோடு இருந்து எழுதினார்கள். வீட்டுக்குப் போய், வகுப்புக்குள் மழை பெய்கிறது என்று பிரெஞ்சில் ஒப்புவித்தார்கள். ரீச்சர் மூன்று முறை கடைக்குப் போனார்.

"கழட்டினால் செபஸ்தியாம்பிள்ளை அண்ணை என்ன நினைப்பார்? தேர்தல் முடியட்டும், பாப்பம்" என்றார் தலைவர்.

தேர்தல் முடிந்தது. அவர் வென்றார். கல்விப் பணிக்காக என்று வாழ்த்துரையில் சொன்னார்கள். நத்தாருக்கு முன்பே பெற்றோர் ஒவ்வொருவராகப் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். கடைசிச் சனிக்கிழமை நானும் ரீச்சரும் வாளிகளும்தான் இருந்தோம்.

ஜனவரியில், கடை பூட்டிய ஒரு திங்கட்கிழமை, புத்தக அலுமாரியை எடுத்துப்போக இருவரும் போனோம். முற்றத்தில் கால் வைத்ததும் ஒரு தகட்டுத் துண்டு எங்கள் முன்னால் விழுந்தது. சந்தனம் இன்னும் ஒட்டியிருந்தது. கூரையில் மகேந்திரராசா. பழைய நீலக் காற்சட்டை, முழங்கால் பட்டை. பெரிய மனிதர்களை ஒவ்வொருவராக நெம்பி எறிந்துகொண்டிருந்தார்.

பிறகு கிழக்கு முனையில் தொடங்கினார். மழைக்காற்று மேற்கிலிருந்து வருவது. பொருத்தெல்லாம் அதற்கு முதுகு காட்ட வேண்டும். புதுத் துண்டை வயிற்றில் வைத்துச் சூடாக்கி, முகட்டில் மடித்து, பக்கத்துக்கு ஓர் ஆணி. அடுத்தது ஏறி அந்த ஆணிகளை மூடியது. கை ஓரிடத்திலும் தயங்கவில்லை. கடைசித் துண்டில் மட்டும் தெரிந்த இரண்டு ஆணித் தலைகளிலும் தார்ப்பசையைத் தடவி விரலால் அமுக்கினார். அப்பா சொன்னது பொய்யில்லை. அதுதான் எனக்கு அதிகம் அருவருப்பாக இருந்தது.

நிமிர்ந்தபோது எங்களைக் கண்டார்.

"அரிசி வந்திருக்கு ரீச்சர். வேறை இடமில்லை. நனைஞ்சால் புழுத்துப்போகும்."

"ஓம்" என்றார் ரீச்சர். "பிள்ளையள் புழுக்காதுகள்தானே."

அவருக்கு அது ஏறியதாகத் தெரியவில்லை. ஏணியில் பாதி இறங்கி, முற்றத்து யன்னல்களை ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னார்:

"பிள்ளை, நான் மேலை ஏறினதை ஒருதருக்கும் சொல்லிப்போடாதையும்."

ரீச்சர் அலுமாரியின் ஒரு பக்கத்தைத் தூக்கினார். நான் மற்றப் பக்கத்தைப் பிடித்தேன். உள்ளே, அரிசிக்காகத் துடைத்துவிட்ட தரை அன்றைக்குத்தான் முதல்முறையாகக் காய்ந்திருந்தது.