நீலச் சட்டையில் வந்தவன்

பேய், பிசாசு என்று யாராவது பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். இப்போதும் அதையெல்லாம் நம்புவதில்லை. இதை நீங்கள் நம்பாவிட்டால் உங்களைக் குறை சொல்லவும் மாட்டேன், வேறு யாராவது சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன்.

மன்னார்குடியிலிருந்து கடல் தாண்டி வந்து சிம்பாங் அம்பாட்டில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியராக இருந்தேன். வார நாட்கள் எப்படியோ ஓடிவிடும், சனி ஞாயிறுதான் ஆளைக் கொல்லும். சனிக்கிழமை துணி துவைப்பேன், தூங்குவேன், அம்மாவோடு வீடியோ காலில் பேசுவேன். ஞாயிறு காலை லெட்சுமி ஆன்டியின் சாப்பாட்டுக் கடைக்குப் போவேன். சாக்குக்குத்தான் டீ, போவது அவர் மகள் கவிதாவைப் பார்க்க. இங்குள்ள தமிழர்கள் காலையில் யாரைக் கண்டாலும் பசியாறியாச்சா என்றுதான் கேட்பார்கள். ஆன்டியும் கேட்பார். வயிறு கத்தும், ஆனாலும் கூச்சத்தில் ஆச்சு என்று சொல்லிவிட்டு, பிளாஸ்டிக் பையில் கட்டித் தருகிற டீயைத் தொங்கவிட்டுக்கொண்டு திரும்பிவிடுவேன். மாதக்கணக்கில் இதே கதைதான்.

அடுத்த மாதம் வேலை ஒப்பந்தம் முடிகிறது, ஊருக்கு டிக்கெட்டும் போட்டாயிற்று. இந்த ஞாயிறாவது அவளிடம் மனதில் இருப்பதைச் சொல்லிவிட வேண்டும் என்று, என்னிடம் இருந்த ஒரே நல்ல சட்டையை, அந்த நீலச் சட்டையை, சனிக்கிழமை துவைத்துப் போட்டேன். பிடித்துக்கொண்டது மழை. விடிந்த பிறகும் சட்டை சொட்டிக்கொண்டிருந்தது. காயுமா காயுமா என்று காத்திருந்து, கடைசியில் பழைய டீ ஷர்ட்டோடு கிளம்பினேன்.

உள்ளே நுழைந்ததும் ஆன்டி, "என்ன தம்பி, மறுபடி வந்துட்டீங்க? சட்டைய ஏன் மாத்திட்டீங்க, அந்த நீலம் நல்லாத்தானே இருந்துச்சு?" என்றார்.

விளையாடுகிறார் என்று நினைத்தேன். பசியாறியாச்சா என்று கேட்டதற்கு இன்றைக்கு நான் இன்னும் இல்லை என்றேனாம், உட்கார்ந்து தோசை சாப்பிட்டேனாம், இன்னும் கொஞ்சம் மிளகாய்ச் சம்பல் வேண்டும் என்று கேட்டு வாங்கினேனாம். அந்தத் தட்டை இன்னும் எடுத்திருக்கவில்லை. சட்னியில் கிடந்த கறிவேப்பிலையெல்லாம் தட்டின் ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தது. சின்ன வயதிலிருந்து நான் அப்படித்தான் அடுக்குவேன், அதற்காக அம்மாவிடம் திட்டு வாங்காத நாள் இல்லை.

கவிதா வந்தாள். அவள் என்னை அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை.

"நீங்க இவ்ளோ பேசுவீங்கன்னு தெரியாதுலா," என்றாள். பிறகு மெதுவாக, "உங்கப்பா செத்தப்ப எல்லார் முன்னாடியும் அழாம, மாட்டுக்குத் தண்ணி வைக்கப் போயி அங்க நின்னு அழுதீங்கன்னு சொன்னீங்கல்ல, அதக் கேட்டதுலேர்ந்து மனசே சரியில்ல. ஊருக்குப் போவாதீங்க."

அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவிடம்கூட இல்லை.

சத்தியமாக எனக்குப் பயம் வரவில்லை. வந்தது பொறாமை, அடிவயிறு எரிகிற பொறாமை. மாதக்கணக்கில் நான் மென்று முழுங்கியதை எவனோ தோசையைப் பிய்த்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போயிருக்கிறான், எனக்கு வரவேண்டிய அந்தப் பார்வையை அவன் வாங்கிக்கொண்டுவிட்டான். வந்தது நான் இல்லை என்று சொன்னால் அவளும் எனக்கு இல்லை. சரி என்று தலையை ஆட்டினேன்.

அறைக்குத் திரும்பினேன். சட்டை கொடியில் சொட்டிக்கொண்டே இருந்தது. அதன் வலது கை நுனியில் சம்பல் கறை, தொட்டால் விரலில் ஒட்டியது. அன்றைக்கே சட்டையைக் குப்பையில் போட்டேன்.

டிக்கெட்டை ரத்து செய்தேன், ஒப்பந்தத்தை நீட்டித்தேன். கல்யாணமாகி இப்போது இங்கேயே மஸ்ஜித் தானாவில் இருக்கிறோம். குறையொன்றும் இல்லை. எப்போதாவது அவள், அன்றைக்குப் பேசின மாதிரி ஒரு தடவை பேசுங்களேன் என்பாள். நானும் பேசிப் பார்ப்பேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, அது வேறு மாதிரி இருந்தது என்று எழுந்து போய்விடுவாள். அவன் மட்டும் என் கையில் கிடைத்தால் சும்மா விடமாட்டேன்.

போன ஞாயிறு காலை பாசாருக்குப் போய் மீன் வாங்கிக்கொண்டு வந்தேன். வாசலிலேயே அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. கடையில் அன்று பார்த்தேனே, அந்த முகத்தோடு சமையலறையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். எதிரில் ஒரு தட்டு, அதன் ஓரத்தில் கறிவேப்பிலை அடுக்கியிருந்தது.

என்னைப் பார்த்ததும் அவள் சிரிப்பு மெல்ல அடங்கியது.

"சட்டைய ஏன் மாத்திட்டீங்க?" என்றாள்.