ஹில்யாவின் மூச்சில் ஓடிய முன்சக்கரங்கள்

ஹில்யா ரைசனன் ஏரிக்கரைக்கு வந்தாலே மீன் பிடிக்கிறவர்கள் தூண்டிலைச் சுருட்டிவிடுவார்கள். அவள் பேச்சுச் சத்தத்தில் மீன் மறுகரைக்கே போய்விடும் என்பது எங்கள் ஊர்க்காரர்களின் கணக்கு. பள்ளிக்கூடச் சமையலறையில் பிள்ளைகளின் கூச்சலுக்கு மேல் கத்திக் கத்தியே பழகிய தொண்டை அது. அவள் கணவர் ரெய்னோ நேர்மாறு. சந்தோஷமோ கோபமோ, அவரிடம் இருந்தது ஒரே ஒரு "ம்"தான். நான் பக்கத்து வீடு. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஆள் உயரத்துக்குப் பனி குவிந்த பிறகும் அவள் குரல் மட்டும் தடையில்லாமல் வரும்.

அவர்களிடம் துருவும் பெயின்ட்டும் பாதிப் பாதியாக ஒரு பழைய வண்டி இருந்தது. சாதாரண நாளில் பின்சக்கரங்கள் தள்ளும். பனி விழுந்தால் தரையில் இருக்கும் லீவரை இழுக்க வேண்டும், முன்சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். அந்த டிசம்பரில் லீவரை இழுத்தும் முன்சக்கரங்கள் அசையவில்லை. வண்டி வாசல் மேட்டிலேயே பின்னால் வழுக்கிவந்து என் தபால் பெட்டியைச் சாய்த்தது.

ஹில்யாவின் தம்பி வில்பர்ட் உடனே வந்து சேர்ந்தான். மேப்பிள் மரத்தில் சாறு இறக்கிப் பாகு காய்ச்சுகிறவன். கேட்காமலே தீர்ப்பு சொல்கிறவன்.

"கியர் பெட்டி போச்சு மாமா. மொத்தமா கீழ இறக்கணும்" என்றான், வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல்.

"ம்" என்றார் ரெய்னோ.

"அதை விடுங்க. லீவரை இழுத்தா என் கால் விறைச்சுப் போகுது, அதை முதல்ல பாருங்க" என்றாள் ஹில்யா.

"அக்கா, உன் காலுக்கும் சக்கரத்துக்கும் என்ன சம்பந்தம்? ரெண்டு காலுறை போட்டுக்கோ."

"போட்டிருக்கேன்டா! பனி இல்லாத நாள்ல ஹீட்டர் காத்து காலுக்கு வருது. லீவரை இழுத்த உடனே காலை விட்டுட்டு கண்ணாடிக்குப் போயிடுது. வண்டிக்கு என் மேல என்ன கோபம்?"

ரெய்னோ அப்போதுதான் நிமிர்ந்தார். உள்ளே ஏறி என்ஜினை ஓடவிட்டு லீவரை இழுத்தார். காற்று கண்ணாடிக்குப் போனது. திருப்பித் தள்ளினார். காலுக்கு வந்தது. மறுபடி இழுத்துவிட்டு, பனியில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் தலையை விட்டார். உள்ளே பாம்பு சீறுகிற மாதிரி 'உஸ்ஸ்' என்றது.

விஷயம் இதுதான். என்ஜின் ஒரு மெல்லிய குழாய் வழியாகக் காற்றை உறிஞ்சும். அந்த உறிஞ்சல்தான் முன்சக்கரங்களை என்ஜினோடு கோத்துவிடும். ஹீட்டர் காற்று காலுக்கா கண்ணாடிக்கா என்று திருப்புவதும் அதே உறிஞ்சல். லீவரோடு சேர்ந்த சின்ன வால்வு ஒன்று ஓட்டையாகிவிட்டதால், லீவரை இழுத்ததும் உறிஞ்சல் அதில் கசிந்து இரண்டுமே கெட்டன.

"வால்வாவது ஒண்ணாவது! கியர் பெட்டிதான்" என்றான் வில்பர்ட்.

ரெய்னோ பேட்டரிக்குப் பக்கத்தில் முன்சக்கரங்களுக்குப் போகும் குழாயைப் பிடுங்கி, வாயில் வைத்து உறிஞ்சினார். இருமல்தான் வந்தது. வில்பர்ட்டிடம் நீட்டினார். பல் செட் கழன்றுவிடும் என்று அவன் ஒதுங்கிக்கொண்டான். ஹில்யா வாங்கி ஒரே இழுப்பு இழுத்தாள். முன்பக்கம் 'கடக்' என்றது. சக்கரம் கோத்துக்கொண்டது! ரெய்னோ மனைவியைப் பார்த்த பார்வையில் இருந்த பெருமை கல்யாணத்தன்றுகூட இருந்திருக்காது.

வால்வுக்கு டவுன் கடையில் சொல்லியாயிற்று. அடுத்த வாரம்தான் வருமாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை, மேட்டு சர்ச்சில் ஹில்யாவின் அண்ணன் பேரனுக்கு ஞானஸ்நானம். சாப்பாட்டுக்கு ஹில்யாதான் பாஸ்டி கொண்டுபோக வேண்டும், இறைச்சியும் கிழங்கும் வைத்து மடித்துச் சுட்ட மாவுப் பொட்டலம். வில்பர்ட் தன் சாறு இறக்கும் குழாயில் ஒரு நீளம் வெட்டிக் கொடுத்தான். ஒரு முனையைப் பானட்டுக்குள் பேட்டரிப் பக்கத்துக் குழாயில் மாட்டி, மறுமுனையை ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே கொண்டுவந்தார்கள். ரெய்னோ ஓட்டினார். பக்கத்தில் ஹில்யா, வாயில் குழாய். பின்சீட்டில் நானும் வில்பர்ட்டும், மடியில் சூடான பாஸ்டித் தட்டு.

மேடு தொடங்கியதும் ஹில்யா இழுத்தாள். 'கடக்'. வண்டி கம்பீரமாக ஏறியது. எவ்வளவு அமைதி! வைப்பர் ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

வில்பர்ட்டுக்கு அந்த அமைதி பொறுக்கவில்லை. தட்டைத் திறந்து மோந்து பார்த்தான்.

"இந்தத் தடவையும் கேரட் போடலியா அக்கா? கேரட் இல்லாத பாஸ்டி மாட்டுத் தீவனம் மாதிரி இருக்கும்."

ஹில்யாவின் காது சிவந்தது. கழுத்து சிவந்தது. நான் "வேணாம், வேணாம்" என்று அவள் தோளைத் தட்டினேன்.

"கேரட்டாடா?" என்று வெடித்தாள். "பாஸ்டியில ருட்டபேகா கிழங்குதான்டா போடணும்! கேரட் போடுறவன்..."

குழாய் வாயிலிருந்து நழுவியது, முன்சக்கரங்கள் விட்டுவிட்டன. வண்டி அப்படியே பின்னால் வழுக்கி, நிதானமாகத் திரும்பி, பனிக்குவியலில் போய் உட்கார்ந்தது. பாஸ்டி ஒன்று பறந்து ரெய்னோவின் தொப்பியில் விழுந்தது.

ரெய்னோ இறங்கி, மண்வெட்டியால் பனியைத் தள்ளிவிட்டு வந்து பின்கதவைத் திறந்தார். குழாயை வில்பர்ட்டிடம் நீட்டினார்.

"பல்லைக் கழட்டு மச்சான்."

"மாமா, நான் எப்படி..."

"கழட்டு."

வில்பர்ட் பல்லைக் கழற்றிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு ஹில்யாவின் இடத்துக்கு மாறினான். அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். 'கடக்'. வண்டி பனியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. மேடு முழுக்க ஹில்யா பேசினாள். ருட்டபேகாவின் ருசி, அம்மா போட்ட மசாலா, சின்ன வயதில் வில்பர்ட் கேரட்டைத் திருடித் தின்று வயிற்றால் போன கதை. அவன் கண்ணை உருட்டினான், கையை ஆட்டினான். உச்சிக்குப் போகும்வரை வாயை மட்டும் திறக்க முடியவில்லை.

அடுத்த வாரம் நாலு பேருமாக வால்வு வாங்கப் போனபோது கடைக்காரர் முழுக் கதையையும் கேட்டார். சிரிக்கவில்லை. குழம்பிப்போய்க் கேட்டார்:

"அவ்வளவு நீளக் குழாய் கையில இருந்துச்சே. அதோட மறுமுனையை வாயில வைக்காம நேரா என்ஜின்லயே சொருகியிருந்தா, அதுவே உறிஞ்சியிருக்குமே. உங்க யாருக்கும் தோணலியா?"

ரெய்னோ தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். வில்பர்ட் புது வால்வை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எனக்குத் தோணுச்சு" என்றாள் ஹில்யா. "பாதி மேட்டுல, குழாய் இவன் வாயில இருந்தப்பதான். அப்புறம் எதுக்குச் சொல்றது?"