பெட்டிக்குள் வைத்த நாய் வில்லை

மகள் போன மாதம் ஒரு நாய்க்குட்டி கொண்டுவந்தாள். மிருக டாக்டர் அதன் பிடரியில் ஊசி போட்டு, அரிசி மணி அளவில் ஏதோ ஒன்றைத் தோலுக்குள் வைத்து அனுப்பியிருந்தார். சிப்பாம். அதில் ஒரு நம்பர் இருக்கிறதாம், மெஷினைக் காட்டினால் தெரியுமாம்.

"அந்த நம்பரு யாரு பேர்ல இருக்கு?" என்று கேட்டேன்.

"இன்னும் பதியலம்மா. போன்லயே பதிஞ்சிக்கலாம். அப்பறம் பாத்துக்கலாம்லா."

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. அன்றைக்குப் பேசினேன். அவளிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எழுபதுகளில் நாங்கள் மலேசியாவில் தம்பின் டவுனுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். நான் கல்யாணமாகி வந்த புதிது. ஆட்களைக் கண்டாலே எனக்குக் கூச்சம். சிலுவார் என்கிற கால்சட்டை மாட்டிய ஆள் யாராவது எங்கள் வரிசை வீடுகள் இருந்த லயத்துக்குள் வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். விடியலில் பாலுக்குப் பட்டை சீவி மரம் வெட்டப் போகும்போது மற்றப் பெண்கள் கதை பேசிக்கொண்டு முன்னால் போவார்கள். நான் பின்னால் போவேன். என் கூடவே ஒரு பழுப்பு நாய் வரும்.

அது யார் வீட்டு நாயும் இல்லை. லயத்தில் எந்த வாசலில் சோறு வைத்தாலும் தின்னும். பெயர் கிடையாது, நாக்கைச் சொடுக்கினால் வந்து நிற்கும். ஆனால் ரப்பர் காட்டுக்குள் போனால் எனக்கு ஒதுக்கிய மர நிரையில்தான் படுத்திருக்கும். ஒரு தடவை நான் கால் வைக்கப் போன இடத்தில் பாம்பு கிடந்தது. எனக்குத் தெரியவில்லை. அது குறுக்கே நின்று குரைத்து என்னை நகரவே விடவில்லை. அன்றிலிருந்து அது என் நாய் என்று மனத்துக்குள் வைத்துக்கொண்டேன். வெளியில் சொல்லவில்லை.

பிறகு பக்கத்துத் தோட்டத்தில் ஒரு பிள்ளையை நாய் கடித்துவிட்டது. காலையில் ஆள் எண்ணும் இடத்தில் தோட்டத்து ஆபீஸ் கிராணி எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: லைசென்ஸ் இல்லாத நாயைக் கவர்மெண்ட்டு ஆட்கள் சுட வருவார்கள்.

வளர்ப்பு நாய் வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்ப் பதிந்து வந்தார்கள். பழுப்பு நாய்க்கு மட்டும் ஆள் இல்லை. எல்லாரும் சோறு போட்டார்கள், பேர் கொடுக்க யாரும் வரவில்லை. பக்கத்து வீட்டு அக்காதான் என்னைப் பிடித்துக்கொண்டார். புல்வெட்டு வேலை பார்த்தவர், பெரிய வாய்.

"ஒன் பின்னாடிதான சுத்துது. ஒன் பேரக் குடு."

"எனக்கு அங்கலாம் போயி பேச வராதுக்கா."

"நாயி வந்து பேசுமா? கெளம்புலா."

மழை பெய்து வெட்டு இல்லாத ஒரு நாளில் என்னைப் பஸ்ஸில் ஏற்றித் தம்பினுக்கு இழுத்துப் போனார். ஆபீசில் மேசைக்குப் பின்னால் இருந்த மலாய்க்காரர், "நாமா?" என்று பேர் கேட்டார். நான் அக்காவைப் பார்த்தேன். சந்தையில் எனக்காக மீன் விலை பேசுகிறவர், இங்கே வாயை இறுக மூடிக்கொண்டு சுவரைப் பார்த்தார். நான் சொன்னேன். அந்த ஆளுக்குக் கேட்கவில்லை. இன்னொரு தரம் சொன்னேன்.

"வாயில என்ன, ஒட்டுப்பாலா அடச்சிருக்கு? சத்தமாச் சொல்லு. ஒம் பேருதான, களவாண்ட பேரா?" அக்கா என் காதுக்குள் சீறினார்.

சத்தமாகச் சொன்னேன். மேசைக்காரர் என் அடையாள அட்டையை, குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தரும் சிவப்பு ஐசியை, வாங்கி வைத்துக்கொண்டு நிதானமாக எழுதினார். நாய் என்ன நிறம், ஆணா பெண்ணா, ஏதாவது அடையாளம் உண்டா என்று கேட்டார். வால் நுனி வெள்ளை என்று கையாலேயே வால் காட்டினேன். சிரிக்காமல் அதையும் எழுதினார். கடைசியில் லைசென்ஸ் நம்பர் அடித்த ஒரு சின்னத் தகர வில்லையைக் கையில் தந்தார்.

பஸ்ஸில் அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "பாத்தியா, நாயி ஒரே நாள்ல பதிஞ்சிருச்சு. நம்ம ரெண்டு பேரும் குடியுரிமைக்குள்ள நீல ஐசிக்கு எத்தன வருசமா நடக்கிறோம்." நான் வில்லையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அந்த நம்பருக்குப் பக்கத்தில் எங்கோ ஒரு தாளில் என் பேர் இருக்கிறது. லயம் வந்து சேருமுன் நம்பர் எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

வீட்டுக்காரர் அதை வாங்கிச் சாரத்தில் துடைத்தார். பிறகு பிறப்புப் பத்திரம் இருக்கும் டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். "கவர்மெண்ட்டு சாமான். நாயி கழுத்துல மாட்டுனா சேத்துல தொலச்சிட்டு வரும். அப்பறம் யாரு பதில் சொல்றது?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எங்கள் லயத்தில் எல்லாருமே அப்படித்தான் செய்திருந்தார்கள். ஒரு காகிதம் தொலைந்து வருசக்கணக்காக ஆபீஸ் ஆபீசாக அலைந்தவர்கள் ஒவ்வொரு வீட்டிலும் இருந்தார்கள். அதனால் வில்லைகள் பிஸ்கட் டின்னிலும் மைலோ டின்னிலும் பத்திரமாக இருந்தன. நாய்கள் வெறுங்கழுத்தோடு திரிந்தன.

சில வாரம் கழித்து, நான் மரத்துக் கோப்பைகளில் இறங்கிய பாலை எடுக்கத் தொடங்கிய நேரம், லயத்துப் பக்கம் வெடிச் சத்தம் கேட்டது. நாய் ஓடிவந்து என் காலோடு ஒட்டிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் செம்மண் ரோட்டில் ஒரு ஜீப் வந்து நின்றது. துப்பாக்கியோடு ஒருவர் இறங்கினார். தாள்கட்டோடு இன்னொருவர்.

ஒளிந்துகொள்ள அங்கே கதவு இல்லை. வாளியைப் போட்டுவிட்டு உட்கார்ந்து நாயின் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன்.

துப்பாக்கிக்காரர் கையை ஆட்டி, "தெப்பி, காக்," தள்ளிப் போ அக்கா என்றார்.

"லேசேன் அடா, எஞ்சே." லைசென்ஸ் இருக்கிறது ஐயா. கேட்டால் புரியும், பேச எனக்கு வந்த மலாய் அவ்வளவும் எண்களும்தான்.

"மானா?" எங்கே என்றார்.

"ரூமா." வீட்டில்.

லைசென்ஸ் வீட்டில் இருக்கிறது, நாய் இங்கே இருக்கிறது என்று அவர் கூட இருந்தவரிடம் சொன்னார். எத்தனை பேர் அப்படிச் சொல்லிக் கேட்டிருப்பாரோ. துப்பாக்கியை அவர் தாழ்த்தவில்லை. அப்போதுதான் என் வாயிலிருந்து நம்பர் வந்தது. மலாயில், ஒவ்வொரு எண்ணாக. தாள்கட்டு வைத்திருந்தவர் புரட்டினார். ஓர் இடத்தில் விரலை வைத்து, உன் பேர் என்ன என்று கேட்டார். சொன்னேன். அவர் மறுபடி கேட்கவில்லை. பழுப்பு, பெட்டை என்று படித்துவிட்டு, "எக்கோர்?" என்று வாலைக் கேட்டார்.

நாய் பயத்தில் வாலைச் சுருட்டி வயிற்றுக்கு அடியில் வைத்திருந்தது. இழுக்க இழுக்க விடவில்லை. என் கை பாலும் சேறுமாக வழுக்கியது. கடைசியில் வெள்ளை நுனியைப் பிடித்து வெளியே எடுத்துக் காட்டினேன். அவர் எட்ட நின்றே குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டுத் துப்பாக்கிக்காரரின் தோளைத் தட்டினார்.

போகும்போது தன் கழுத்தைத் தொட்டுக் காட்டி, வில்லையை அங்கே மாட்டு, நாய் பெட்டியைத் தூக்கிக்கொண்டா நடக்கும் என்றார். அந்த மனிதர் நினைத்திருந்தால் அவசரப்பட்டுப் போயிருக்கலாம். அந்த வேலையில் தாளைப் புரட்டிப் பார்க்காமல் போகிறவர்களும் உண்டு. அவர் முகம் இப்போது நினைவில் இல்லை. ஆனாலும் சாமி கும்பிடும்போது அவரையும் சேர்த்து நினைத்துக்கொள்கிறேன்.

முதலில் கேட்ட வெடி கடைசி வீட்டுக் கறுப்பு நாய்க்கு. அந்த வீட்டில் எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். அதன் வில்லை மைலோ டின்னில் இருந்தது. அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் பெட்டியைத் திறந்து வில்லையை எடுத்தார். பழைய சைக்கிள் டியூபைப் பால் வெட்டும் உளியால் நீளமாகக் கீறி, வில்லையைக் கோத்து, நாய்க்கு வலிக்காமல் இரண்டு விரல் இடம் விட்டுக் கட்டினார். வீடு வீடாக அதே டியூபைக் கேட்டு வாங்கிப் போனார்கள்.

அந்த நாய் கிழடாகி, எங்கள் வாசலிலேயே தூங்கிச் செத்தது. அதற்குள் எனக்கு நீல ஐசியும் வந்துவிட்டது. அந்த ஆபீசிலும் என் பேரைக் கேட்டார்கள். அக்கா கூட வந்திருந்தார், ஆனால் அவர் வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை.

இதையெல்லாம் மகளிடம் சொல்லி முடித்தபோது அவள் போனை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"யாரு பேரும்மா போட?"

"ஒன் பேரப் போடு. என் போன் நம்பரயும் சேத்துப் போடு. நீ வேலக்கிப் போயிருவ, நாந்தான வீட்ல இருக்கேன். வீடு மாறினா அதையும் மறக்காம மாத்து."

அடையாளம் என்ன என்று போனில் ஒரு கட்டம் கேட்டது. குட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, நாங்கள் இருவரும் வால் நுனியிலிருந்து பார்க்கத் தொடங்கினோம்.