நூற்று மூன்றாம் அறையின் ‘டி’

போன சாரலுக்குக் குற்றாலத்தில் அறை போட்டிருந்தேன். வரவேற்பில் இருந்த பெண் கணினித் திரையைப் பார்த்துவிட்டு, “சார், உங்க ரூம் இன்னும் டர்ட்டி. அரை மணி நேரம் ஆகும்” என்றாள். என் மனைவிக்கு முகம் சுருங்கிவிட்டது. அது லாட்ஜ் பாஷை, முன்பு இருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள், இன்னும் பெருக்கவில்லை, அவ்வளவுதான் என்று விளக்கினேன். விளக்கினேனே தவிர, அறைக்குள் போனதும் முதல் வேலையாகத் தலையணை உறையை மோந்து பார்த்தேன். எனக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. பால்காரர், பஸ் கண்டக்டர், நானே பூட்டிய பூட்டு, எல்லாவற்றின் மேலும் சந்தேகம்தான்.

உறையில் லேசாக நல்லெண்ணெய் வாடை. பழைய லாட்ஜின் வாடை அது.

பள்ளிக்கூடத்தில் எங்கள் ஆங்கில வாத்தியாருக்கு டர்ட்டி என்றால் காப்பியடிக்கிறவன். “டர்ட்டி ஃபெலோ” என்று காதைத் திருகுவார். தென்காசி டீக்கடையில் அரசியல் பேசுகிறவர்களுக்கு அது எதிர்க்கட்சி மட்டும். நான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த குற்றாலம் லாட்ஜிலோ, அது சாவிப் பலகையில் அறை எண்ணுக்குப் பக்கத்தில் சாக்பீஸால் போடும் ஒரு ‘டி’. சங்கரியக்கா அறையைச் சுத்தம் செய்துவிட்டு வந்து, அதை முந்தானையால் துடைப்பாள். பிறகுதான் நான் சாவியை அடுத்தவருக்குக் கொடுக்கலாம். புருஷன் இல்லாதவள். இரண்டு பிள்ளைகளும் அவள் சம்பளத்தில்தான் சாப்பிட்டன.

அந்த சீசனில் நூற்று மூன்றின் ‘டி’ மட்டும் பகல் பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை அழியாமல் இருந்தது. சாவியையும் காணோம். கேட்டால், “எண்ணெப் பிசுக்கு போவமாட்டேங்கு தம்பி” என்பாள். ஒருநாள் கதவில் காதை வைத்தேன். உள்ளே தாழ்ப்பாள், அடக்கிய சிரிப்பு. பின்படிக்கட்டில் ஈரக் கால்தடங்கள். சின்னதும் பெரியதுமாக. எனக்கு வேறென்ன வேண்டும்?

நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்த வரவேற்பிலேயே முதலாளியிடம் சொன்னேன். “அண்ணாச்சி, நூத்தி மூணுல ஏதோ டர்ட்டி வேலை நடக்குது.” தமிழில் சொல்ல நாக்கு கூசியது. இங்கிலீஷ் வார்த்தையில் அந்த வசதி உண்டு. நான் ஒன்றும் சொன்னதாகாது, கேட்கிறவர்கள் மிச்சத்தை நினைத்துக்கொள்வார்கள்.

அண்ணாச்சி மேலே போய்க் கதவைத் தட்டினார். சங்கரியக்காதான் திறந்தாள். அவளுக்குப் பின்னால் நாலு பெண்கள், கையில் பிழிந்த ஈரச் சேலையோடு. அருவியில் குளித்துவிட்டு, அறை எடுக்க வசதியில்லாமல் பஸ்ஸில் திரும்புகிறவர்கள். அருவிக்கரையில் உடை மாற்ற ஓர் அறை இருந்தது. அதற்குள் போய்வந்தால் மறுபடியும் குளிக்க வேண்டும். எப்படியும் கழுவப்போகிற அறைதானே என்று இவள் திறந்துவிட்டிருக்கிறாள். ஒரு காப்பித் தண்ணிகூட யாரிடமும் வாங்கியதில்லை.

நாலு பேரில் ஒருத்தி என் அக்கா. இலத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தோம்.

“எங்கிட்டக் கேட்டிருக்கலாம்லாக்கா?”

“ஒங்கிட்டக் கேட்டா யாரு என்னன்னு ஆயிரம் கேள்வி கேப்பலே. இவ ஒண்ணுமே கேக்கல.”

அண்ணாச்சி நல்ல மனிதர்தான். “துணி மாத்துனது தப்பில்லம்மா. ஆனா நாலு பேரு முன்னால அப்படி ஒரு பேச்சு வந்துட்டு. இனி ஒன்ன வச்சுக்கிட முடியாது” என்றார்.

சங்கரியக்கா என்னைப் பார்த்தாள். “அப்படி என்ன தம்பி சொன்னீய?”

நான் நூற்று மூன்றின் சாவிக்குக் கையை நீட்டினேன். என் தப்பு, உள்ளே இருந்தது என் கூடப்பிறந்தவள் என்று கீழே போய் நாலு பேரிடம் சொல்லியிருந்தால் சங்கரியக்காவின் வேலை நிலைத்திருக்கும். என் அக்கா பெயர் அந்த வார்த்தையோடு சேர்ந்துவிடுமே என்று பயந்தேன். சங்கரியக்கா பெயர் சேர்ந்ததைப் பற்றிப் பயம் வரவில்லை. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

போன சாரலில் அறையைக் காலி செய்து கிளம்பும்போது வரவேற்புப் பெண்ணிடம், “சங்கரின்னு வயசான அம்மா யாராவது இங்கன வேலை பாக்காங்களா?” என்று கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “எதுக்கு சார் கேக்கீங்க?”

பழைய லாட்ஜை இடித்துவிட்டார்கள். சாக்பீஸ் பலகை போய்விட்டது. யாருக்கும் சொந்தமில்லாமல் ஓர் அறை சும்மா கிடந்த அந்த இரண்டு மணி நேரமும் போய்விட்டது. இப்போது அறையைக் கழுவியவர் போனில் தட்டினால் வரவேற்புத் திரையில் சிவப்பு பச்சையாகிறது, உடனே அடுத்த ஆள். வேன் மறைவில் ஒருத்திக்கு ஒருத்தி சேலை பிடித்துக்கொண்டு பெண்கள் இன்னும் உடை மாற்றுகிறார்கள்.

என் அக்கா அன்றைக்குப் பிறகு அருவிப் பக்கமே வரவில்லை. சாரல் விழுந்ததும் வருஷா வருஷம் கூப்பிடுகிறேன், நல்ல அறையாகப் போட்டுத் தருகிறேன் என்கிறேன்.

“ஒன் ரூமு வேண்டாம்லே” என்கிறாள்.