கல்லைத் தாண்டினால் லோகநாயகி மனை

ஆவடி குவார்ட்டர்ஸில் லோகநாயகி என்று கேட்டால் யார் யாரையோ காட்டுவார்கள். மனைக்கார லோகநாயகி என்று கேட்டால்தான் நேராக இவள் வாசலில் கொண்டுவந்து விடுவார்கள். மனை என்றதும் பெரிய தோப்பு துரவு என்று நினைத்துவிட வேண்டாம். பாரிவாக்கத்தில் ஒரு கிரவுண்டுக்கும் குறைவான துண்டு நிலம். ஆனால் அவள் அதைப் பற்றிப் பேசுகிற அழகில், கேட்பவர்களுக்கு அதில் நாலு மாடி எழும்பி நிற்பது போலத் தோன்றும்.

திருத்தணிப் பக்கத்துப் பெண். அவள் அப்பாவின் தங்கையைத்தான் புருஷன் கஜபதியின் பெரியப்பாவுக்குக் கொடுத்திருந்தார்கள். அந்த வழியில் வந்த சம்பந்தம். கஜபதிக்கு ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை. வேலையோடு குவார்ட்டர்ஸும் வந்தது. ஒரே அச்சில் வார்த்த மாதிரி வரிசை வரிசையாக வீடுகள். எல்லாவற்றுக்கும் ஒரே மஞ்சள் வண்ணம். கல்யாணமான புதிதில் ஒரு நாள் ஷிப்டு முடிந்து வந்த கஜபதி, பக்கத்து வரிசை வீட்டில் நுழைந்து, சட்டையைக் கழற்றி மாட்டி, "சோத்தப் போடு" என்று மணையில் உட்கார்ந்துவிட்டார். அந்த வீட்டு அம்மாள் சோற்றைப் போட்ட பிறகுதான் அவர் வேறு வீட்டு ஆள் என்று பார்த்தாள். அந்தக் குடும்பத்துக்கே அப்படி ஒரு கிரகம். கஜபதியின் தகப்பனாரும் பெண் பார்க்கப் போன இடத்தில் தெரு மாறி, வேறொரு பெண்ணைப் பார்த்துச் சரி சொல்லிவிட்டு வந்தவர்.

கஜபதிக்கு ஓர் அக்காள், சரசா. கொரட்டூர் ஏரிக்குப் பக்கத்தில் பாத்திரக்கடை ஞானசேகரனுக்கு வாழ்க்கைப்பட்டவள். சொந்த வீடு. வீட்டைப் பார்க்க வருகிறவர்களுக்கு முதலில் தரையைக் காட்டுவாள், பிறகுதான் உட்காரச் சொல்வாள். எந்த விசேஷமானாலும் லோகநாயகியை நிறுத்தி வைத்துச் சொல்லுவாள்:

"குவார்ட்டர்ஸ்ன்றது இன்னா லோகா? உத்தியோகம் முடிஞ்சா மறுநாளு மூட்டையக் கட்டணும். அதுக்குப் பேரு ஊடா? சத்திரம்!"

அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுத்தான் லோகநாயகி பிள்ளைகள் சின்னதாக இருக்கும்போதே தன் நகையைக் கழற்றிக் கொடுத்து மனை வாங்க வைத்தாள். அப்போது பாரிவாக்கத்துக்குச் சரியான வழி கிடையாது. மனை விற்கிறவர்கள் வேனில் ஏற்றிக்கொண்டு போய் ஏரிக்கரையில் இறக்கிவிட்டார்கள். கரையிலிருந்து இறங்கி, முள்ளுக்காட்டுக்கு நடுவே வெட்டிய மண் பாதையில் நடந்தார்கள். கறுப்புக் கண்ணாடி போட்ட ஓர் ஆள் முன்னால் போய், நட்டு வைத்திருந்த கல் ஒன்றின் மேல் காலை வைத்து நின்றான்.

"இந்தக் கல்லத் தாண்டினா உங்க மனைம்மா. நல்லாப் பாத்துக்கோங்க. கல்லத் தாண்டி!"

சாமி மந்திரத்தைப் போல லோகநாயகி அதை மனப்பாடம் பண்ணிக்கொண்டாள்.

அடுத்த மழைக்கு ஏரிக்கரைப் பாதை அறுத்துக்கொண்டு போய்விட்டது. கல்லில் எழுதியிருந்த நம்பரும் கழுவிக்கொண்டு போயிற்று. அதற்குள் மெயின் ரோட்டிலிருந்து புதிதாக வழி போட்டுவிட்டார்கள். பிறகு எல்லோரும் அந்த வழிதான்.

காணும் பொங்கலுக்கு ஊர் முழுக்கக் கடற்கரைக்குப் போனால், இவர்கள் மட்டும் ஸ்கூட்டரில் புளிசாதத்தைக் கட்டிக்கொண்டு மனையைக் காணப் போவார்கள். கல்லைத் தாண்டிப் பெருக்கி, கல்லுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, நாலு மூலைக்கும் எலுமிச்சம்பழம் அறுத்து வைப்பாள். கற்பூரம் ஏற்றும்போதுதான் பாடு. ஏரிக்காற்று முகத்தில் அடித்து அணைக்கும். கஜபதி தோள் துண்டை விரித்து மறைத்துக்கொண்டு நிற்பார். கல்லுக்கு இந்தப் பக்கம் முள் மரம் நிழல் தரும். ஸ்கூட்டரை அங்கே விட்டு, அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டு, இலையை அங்கேயே எறிவார்கள். மகன் கோபியும் மகள் ரேவதியும் ஒதுங்கினதும் அங்கேதான். இப்படியே பிள்ளைகள் வளர்ந்து, வேலைக்குப் போய், அவர்களுக்கும் கல்யாணம் ஆகிவிட்டது.

அப்புறம் கொரோனா வந்தது. அது போனதும் லோகநாயகிக்கு முட்டிவலி வந்தது. மனையைப் பார்க்காமலே நாலைந்து பொங்கல் போனது. கஜபதிக்கு உத்தியோகம் முடிகிற வருஷம் வந்ததும், "இனிமே தாங்காது, வாங்க, கடைக்கால் போட நாள் பாப்போம்" என்று மேஸ்திரியைப் பேசி வைத்துவிட்டு இரண்டு பேரும் கிளம்பினார்கள்.

கல் இருந்தது. கல்லைத் தாண்டி ஒரு வீடும் இருந்தது.

இளம்பச்சை வண்ணம் அடித்த மாடி வீடு. மாடியில் ஒரு பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். லோகநாயகி கீழே நின்று குரல் கொடுத்தாள்.

"யாரும்மா நீ? எங்க மனையில இன்னா பண்றே?"

"இன்னாது? உங்க மனையா? யாருக்கா நீங்க? ஏங்க, இங்க வாங்க! யாரோ வந்து இன்னாவோ சொல்றாங்க!"

உள்ளேயிருந்து லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு யூசுப் வந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருப்பவர். மாடியிலிருந்து இறங்கி வந்தவள் அவர் மனைவி ஷாகிரா. கஜபதி கல்லையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அண்ணே, மொதல்ல உள்ள வந்து குந்துங்க. தண்ணி குடிங்க," என்றார் யூசுப். "கட்டுறதுக்கு முன்னாடி சர்வேயர வெச்சு அளந்துதாண்ணே கட்டுனேன். இது நம்ம மனைதான். உங்குளுது எங்கியோ இந்தாண்ட அந்தாண்ட இருக்கும்."

"இருவது வருஷத்துக்கு மேல வந்துகினு கீறோம். எங்களுக்குத் தெரியாதா?" என்றாள் லோகநாயகி.

ஷாகிராவுக்குப் பொறுக்கவில்லை. "நல்லாக் கீதே நாயம்! இந்த மனை வாங்குனதுலேருந்து எனக்கு நிம்மதியே கெடையாதுக்கா. கடைக்கால் நோண்டப் போனா மஞ்சளு, குங்குமம், மூலைக்கு மூலை எலுமிச்சம்பழம்! எவளோ செய்வினை வெச்சுட்டான்னு ஒரு வருஷம் கட்டாமக் கெடந்தோம். அம்மாம் பெரிய ஹஜ்ரத்தைக் கூட்டியாந்து ஓதி, அப்புறம்தான் மம்மட்டியவே எடுத்தோம். அது ஒருபக்கம்னா, தோ பாருங்க, பக்கத்துல முள்ளு மனை! எவ மனையோ, ஒரு நாள் வந்து எட்டிப் பாக்கல. பாம்பு நேரா என் சமையக்கட்டுக்கு வருது. அந்த மனைக்காரி மட்டும் என் கையில கெடைக்கட்டும்!"

மஞ்சள் குங்குமம் என்றதும் லோகநாயகி ஓர் அடி பின்னால் வைத்தாள். கஜபதியை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் கஜபதி பாயை விரித்துப் படுத்துவிட்டார். "போச்சு லோகா. நம்மள ஏமாத்திட்டானுங்க." சேதி எப்படித்தான் பறந்ததோ, சரசா ஆப்பிளும் ஆர்லிக்ஸுமாகத் துக்கம் விசாரிக்க வந்து இறங்கிவிட்டாள்.

"அன்னிக்கே சொன்னேன், கேட்டீங்களா? வுடு கஜா. திருமுல்லவாயில்ல வாடகைக்கு ஒரு போர்ஷன் கீது. ஓனரு நமக்குத் தெரிஞ்சவருதான். செவுத்துல ஆணி கீணி அடிக்காம இருந்தா ஒண்ணியும் சொல்ல மாட்டாரு."

"நெலம் இன்னா ஆட்டுக்குட்டியா அண்ணி, ஓட்டிகினு போறதுக்கு?" என்றாள் லோகநாயகி. "அது எங்கியோ அங்கதான் கீது."

"எங்க கீது? காட்டேன்!" என்றாள் சரசா.

காட்ட முடியவில்லை. அந்த வார்த்தை மட்டும் முள்ளாகத் தைத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை விளக்கேற்றிக் கற்பூரம் காட்டினாள். கற்பூரம் ஆடாமல் அசையாமல் எரிந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். மனையில் ஒரு வருஷமாவது இப்படி எரிந்திருக்கிறதா? காற்றுதான் முகத்தில் அடித்துக்கொண்டே இருக்குமே. அப்போதுதான் நினைவு வந்தது. முதல் முதல் போன அன்றைக்கு, கறுப்புக் கண்ணாடிக்காரன் பின்னால் நடந்தபோது, காற்று முதுகில் அடித்தது. முந்தானை முன்னால் பறந்து அவன் தோளில் போய் விழுந்தது. அவள் வெட்கப்பட்டு இழுத்துச் செருகிக்கொண்டாள். அன்றைக்கு ஏரி முதுகுப் பக்கம். அதற்கப்புறம் போன எல்லா வருஷமும் ஏரி முகத்துப் பக்கம்.

கற்பூரத் தட்டைக் கீழே வைத்தாள். "நான் பாரிவாக்கம் போயிட்டு வரேன்."

"முட்டிய வெச்சிகினு எங்கடி போறே?" என்று கஜபதி எழுந்து உட்காருவதற்குள் ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டாள்.

மெயின் ரோட்டுப் பக்கம் இறங்கவில்லை. ஏரிக்கரைக்கே போய் இறங்கினாள். பழைய பாதை இருந்த தடம் மட்டும்தான் இருந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு, புதுப்பெண்ணாக நடந்த வழியில் நடந்தாள். காற்று முதுகைத் தள்ளிக்கொண்டு வந்தது. தெரு வந்தது. யூசுபின் பச்சை வீடு வந்தது. அதைக் கடந்தாள். அப்புறம்தான் கல் வந்தது. கல்லைத் தாண்டினாள்.

கல்லைத் தாண்டினால் முள்ளு மனை!

ஸ்கூட்டர் நிறுத்தின இடம். இலை எறிந்த இடம். பிள்ளைகள் ஒதுங்கின இடம். அதுவும் இரண்டு தெரு கூடுகிற மூலை மனை! அவன் சொன்னதும் சரி, அவள் மனப்பாடம் பண்ணினதும் சரி, கல்லும் அதே கல். வழி மாறினதும் அந்தாண்ட இந்தாண்ட ஆகி, இத்தனை வருஷமும் ஊரார் மனைக்குக் கற்பூரம் காட்டிவிட்டு, சொந்த மனையில் எச்சில் இலை எறிந்திருக்கிறார்கள். லோகநாயகி அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள்.

மாடியிலிருந்து ஷாகிரா எட்டிப் பார்த்தாள். "இன்னாக்கா, மறுபடியும் சண்டைக்கு வந்துட்டீங்களா?"

"இல்லம்மா. பாம்பு வுட்ட மனைக்காரி கையில கெடைக்கட்டும்னியே, வந்து கீறா பாரு. நான்தான்."

ஷாகிரா கைப்பிடி மேல் குனிந்து அவளை உற்றுப் பார்த்தாள்.

"இன்னொண்ணும் சொல்றேன், கேட்டுக்கோ. மஞ்சள் குங்குமம் வெச்சவளும் நான்தான். அது செய்வினை இல்லம்மா, பூச. எம்மனைன்னு நெனச்சு நல்லா இருக்கணும்னு உம்மனைக்குப் பண்ணேன்."

மாடிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஷாகிரா சிரித்த சிரிப்பில் தெருவில் நாலு கதவு திறந்தது. "ஏங்க! சீக்கிரம் வாங்க! நம்ம ரெண்டு எதிராளியும் ஒரே ஆளா வந்து குந்திகினு கீறாங்க!"

சர்வேயர் வந்து சங்கிலி பிடித்தார். கல் இரண்டு மனைக்கும் பொது, இந்தப் பக்கம் முழுக்க லோகநாயகியுடையது, ஒரு விரல்கடை கூடக் குறைச்சல் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். பாயில் படுத்திருந்த கஜபதி மறுநாளே அரிவாளோடு போய் முள் வெட்டினார். மூன்று பாம்பு போயிற்று என்று ஷாகிரா சொல்லுவாள்; ஒன்றுதான், அதுவும் சாரை என்று கஜபதி சொல்லுவார். கடைக்கால் போட்டதிலிருந்து மேல்தளம் போடுகிற வரைக்கும் தண்ணீர் யூசுப் வீட்டுப் போர்வெல்லிலிருந்துதான். "எம்மனைக்கு அத்தினி வருஷம் தேங்கா ஒடச்சவங்களுக்கு நான் தண்ணி தரலன்னா நாயமா?" என்பார் யூசுப். வாசல் கேட்டையும் தன் பட்டறையில் அவரே அடித்துக் கொடுத்தார். குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொன்ன கெடுவுக்கு முன்னாலேயே வீடு நிமிர்ந்து நின்றது.

தை மாசம் கிரகப்பிரவேசம். கஜபதி தன் அக்காளுக்குப் போனில் வழி சொன்னார்: "கல்லத் தாண்டினா நம்ம ஊடு, வந்துடு." சரசாவும் மெயின் ரோட்டு வழியாக வந்தாள், கல்லைத் தாண்டினாள், பச்சை வீட்டுக்குள் நுழைந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "பரவால்ல, தரை எங்க ஊட்ட மாதிரியே பளபளன்னு போட்டுக்கீறாங்க," என்று மெச்சிக்கொண்டு ஷர்பத்தும் வாங்கிக் குடித்துவிட்டாள்.

காலி டம்ளரை வாங்கிக்கொண்டு ஷாகிரா சொன்னாள்: "நல்லா இருங்கக்கா. இது எங்க ஊடு. உங்க தம்பி ஊடு அந்தாண்ட, மூலை மனை. இதவிடப் பெருசு."

கஜபதி வீட்டு ரத்தம், எங்கே போகும்!

பால் பொங்கி வழிந்தது. சரசா சுவர்க்கடிகாரம் ஒன்று கொண்டுவந்திருந்தாள். எங்கே வைப்பது என்று அவள் கையில் பிடித்துக்கொண்டு நிற்க, லோகநாயகி சுத்தியலையும் ஆணியையும் கொண்டுவந்து நாத்தனார் கையில் கொடுத்தாள்.

"நீங்களே அடிங்க அண்ணி. எந்தச் செவுரு வேணும்னாலும் அடிங்க. ஓனரு ஒண்ணியும் சொல்ல மாட்டா."

சரசா அவளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஓங்கி நாலு அடி அடித்து மாட்டினாள். "ஊடுன்னா இது ஊடு," என்றாள்.

சாப்பாடு முடிந்து ஜனம் வெற்றிலை போடுகிற நேரத்தில் லோகநாயகி தட்டை எடுத்துக்கொண்டு கல்லுக்கு வந்தாள். மஞ்சள் குங்குமம் வைத்தாள். இந்தத் தடவை இந்தப் பக்கம் நின்று வைத்தாள். மதில் மேலிருந்து ஷாகிரா கூப்பிட்டாள்: "எக்கா, எங்க பக்கமும் ஒரு தபா காட்டிடுங்க. அம்மாம் வருஷம் பழகிப்போச்சு, இப்போ வுட்டா கல்லு கோச்சுக்கப் போவுது."

கற்பூரத்தை ஏற்றினாள். கஜபதி பழக்கதோஷத்தில் துண்டை விரித்துக்கொண்டு ஓடிவந்தார். தேவைப்படவில்லை. யூசுப் வீட்டு மதில் ஏரிக்காற்றை மறித்து நின்றது. கற்பூரம் ஆடாமல் எரிந்தது.