அப்பா வாங்கிய ஜோடி போன்

எங்கள் அப்பா ராஜாராமுக்குச் சென்னையில் துறைமுகத்தை ஒட்டிய ஒரு ஆபீசில் குமாஸ்தா வேலை. தினமும் செங்கல்பட்டில் மின்சார ரயில் ஏறி பீச் ஸ்டேஷனில் இறங்குவார். வெளியே வந்தால் வெளிநாட்டுச் சாமான் மலிவாகக் கிடைக்கும் பர்மா பஜார். குடிக்காத, சீட்டாடாத, வெற்றிலைகூடப் போடாத மனுஷனுக்குக் கடவுள் வேறு இடத்தில் வேலை கொடுத்திருக்கக் கூடாதா என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். சாயங்காலம் திரும்பும்போது அவர் பையில் சாப்பாட்டு டப்பாவோடு இன்னொரு டப்பாவும் இருக்கும். அதைக் கண்டாலே நான் கொல்லைப்பக்கம் நழுவப் பார்ப்பேன்.

வாங்குவதோடு விட்டால் பரவாயில்லை. அன்றைக்கே சோதித்துப் பார்த்தாக வேண்டும், அதுவும் எங்களை வைத்து. ஒருமுறை எமர்ஜென்சி லைட் வாங்கிவந்தார். அது கரண்ட் போனதும் அணைந்தது, வந்ததும் எரிந்தது. பேட்டரியில் ஓடும் ஷேவர் ஒன்று மீசையில் பாதியைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டது. மீதியையும் எடுத்துவிட்டு ஆபீசுக்குப் போனவரை வாசலில் வாட்ச்மேன் நிறுத்தி, யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாராம். டார்ச், ரேடியோ, சைரன் மூன்றும் சேர்ந்த ஒரு சாமான், சைரனை நிறுத்தவே மாட்டேன் என்றது. அதை மெத்தைக்கு அடியில் போட்டு அப்பாவே மேலே ஏறி உட்கார்ந்தார். எது கெட்டாலும் அவர் சொல்வது ஒன்றுதான். "சாமான் ஒஸ்தி சாமான். பேட்டரிதான் வீக்கா கீது."

ஒழுங்காக ஓடியது ஒன்றே ஒன்று. அதுதான் பெரிய தொல்லை. மணிக்கொரு தரம் சேவல் மாதிரி கூவிவிட்டு, பெண் குரலில் இங்கிலீஷில் மணி சொல்லும் கடிகாரம். அதைக் கூடத்தில் டெலிபோன் ஸ்டாண்டின்மேல் வைத்தார். முதல் தடவை அது கூவியபோது அம்மா கையிலிருந்த காப்பி என் மடியில் கொட்டியது.

அம்மா பிரபாவதியின் வாய்க்கு மட்டும் பேட்டரியே தேவையில்லை. தெருவில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் கஞ்சியோடு முதலில் ஓடுகிறவள் அவள்தான். ஓடிப்போய்ச் செய்துவிட்டு, வந்த கையோடு அந்த வீட்டுக் கதையைத் தாம்பரத்திலிருக்கும் தன் தங்கை வரலட்சுமிக்குப் போன் போட்டுச் சொல்கிறவளும் அவள்தான். அந்த வாயால் எனக்கு வந்த இரண்டு வரன்கள் தட்டிப்போயின. பெண் எடுக்க வருகிறவர்கள் அக்கம்பக்கத்தில் விசாரிக்காமலா இருப்பார்கள்? விசாரித்தார்கள், அப்புறம் ஆளையே காணோம். ஜாதகம் பொருந்தவில்லை என்று தரகர் வந்து சொல்வார். எது பொருந்தவில்லை என்று எங்கள் தெருவுக்கே தெரியும்.

தொண்ணூற்றெட்டில் அப்பா கார்ட்லெஸ் போன் வாங்கினார். கடைக்காரன் விடவில்லையாம். "அண்ணாத்த, ஒரே பொட்டில வந்த மால். ஜோடியா எடுத்துக்க, கொறச்சுப் போட்டுத் தரேன்" என்றானாம். ஜோடியாகவே வாங்கி, ஒன்றை எங்களுக்கு வைத்துக்கொண்டு இன்னொன்றை எதிர்வீட்டு லதா அக்காவுக்குக் கொடுத்தார்.

லதா அக்கா அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். புருஷன் மஸ்கட்டில். கல்யாணமாகிப் பல வருஷமாகியும் குழந்தை இல்லை. அப்பாவுக்கு டைபாய்டு வந்தபோது, டூட்டி முடிந்த களைப்போடு தினமும் வந்து ஊசி போட்டவர் அவர். மஸ்கட் போன் வரும்போதெல்லாம் அடுப்படியிலிருந்து ஓடிவந்து கால் இடறிக்கொள்கிறார் என்றுதான் அப்பா அந்த இரண்டாவது போனை அவருக்கு எடுத்தார்.

வழக்கம்போல் சோதனை நடந்தது. அப்பா போனைக் காதில் வைத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார், தெருமுனைக்குப் போனார், ஏரிக்கரை வரைக்கும் போகப் பார்த்தார். "எதிர்வூட்டு மாடியில நின்னாகூட கணீர்னு கேக்குது பிரபா" என்று பூரித்துப்போனார். அந்த வாக்கியத்தில் இருந்த ஆபத்து எங்கள் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. நடுவில் வேறு யாருடைய குரலாவது இரைச்சலோடு கேட்டால், பேட்டரி வீக் என்று முடித்துவிடுவார்.

அம்மாவுக்குக் கொண்டாட்டம். அதுவரை கூடத்தில் எங்கள் காதுபட ஊர்வம்பு பேசியவள், இப்போது கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டே பேசினாள். எனக்கு மட்டும், "பகல்ல பக்கம் பாத்துப் பேசு, ராத்திரியில அதுவும் பேசாதே" என்று பழமொழி சொல்லுவாள்.

அந்தச் சமயத்தில்தான் கல்பாக்கத்திலிருந்து மூன்றாவது வரன் வந்தது. மாப்பிள்ளை பெயர் வெங்கடராகவன். பெண் பார்க்க வந்த அன்று பஜ்ஜி போட்டது, எனக்குப் பூ வைத்தது எல்லாம் லதா அக்காதான். "உன் நிச்சயத்துக்கு ஆரத்தி நான்தான் எடுப்பேன், சொல்லிட்டேன்" என்று என் காதில் சொன்னார். எல்லாரும் உட்கார்ந்து பேச்சைத் தொடங்கும் நேரத்தில் அந்தப் பாழாய்ப்போன சேவல் கூவியது. வந்தவர்கள் தூக்கிவாரிப்போட்டு எழுந்தார்கள். மாப்பிள்ளை மட்டும் சிரித்துவிட்டு, இதை எங்கே வாங்கினீர்கள் என்று அப்பாவிடம் ஆசையாகக் கேட்டார். அந்த நிமிஷமே எனக்குப் பிடித்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இவரும் தட்டிப்போனால் இனி யார் முன்னாலும் காப்பித் தட்டோடு போய் நிற்பதில்லை என்று முடிவு கட்டிவிட்டேன்.

இரண்டொரு நாளில் அம்மா கொல்லையில் சித்தியோடு பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. "நிச்சயத்துக்கு ஆரத்தி எடுக்க நீ வந்துடு வரலட்சுமி. லதா நான்தான் எடுப்பேன்னு நின்னுகினு கீறா. புள்ள பொறக்காதவள எப்படி எடுக்கச் சொல்றது? நம்ம பொண்ணு நல்லா இருக்க வேணாமா?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அப்பாவுக்கு அவர் கையால் ஊசி போடவிட்டபோது மட்டும் அது தெரியவில்லையா என்று கத்தினேன். அம்மா அசரவில்லை. "நான் இன்னா அவ மூஞ்சிக்கு நேராவா சொன்னேன்?" என்றாள்.

அதன்பிறகு லதா அக்கா எங்கள் பக்கம் வரவில்லை. டூட்டி அதிகம் போல என்று நினைத்துக்கொண்டோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சித்தியைக் கூப்பிடலாம் என்று அம்மா போனை எடுத்து பட்டனை அழுத்தினாள். அழுத்தியவள் அப்படியே நின்றாள். எங்களைக் கையால் அழைத்தாள். அந்த மட்டப் போனில் சத்தம் மட்டும் தாராளம். பக்கத்தில் போய் நின்றதுமே எனக்கும் அப்பாவுக்கும் நன்றாகக் கேட்டது.

"எங்க நாத்தனார் பொண்ணு உங்க ஆஸ்பத்திரியிலதான் வேலை பார்த்தா. அவதான் உங்க நம்பர் குடுத்தா சிஸ்டர். எதிர்வீட்டுப் பொண்ணு அனுவை எங்க பையனுக்குப் பார்த்திருக்கோம்."

மாப்பிள்ளையின் அம்மா. அதற்குப் பதில் சொன்னது லதா அக்காவின் குரல். "சொல்லுங்கம்மா, இன்னா தெரியணும்?"

அவர்கள் வீட்டுப் பேச்சு எங்கள் போனில் எப்படி வருகிறது? அப்பா, அம்மா கையிலிருந்த போனையும் ஜன்னல் வழியாக எதிர்வீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரே பெட்டியில் வந்த ஜோடி, இரண்டுக்கும் ஒரே அலைவரிசை. எதிர்வீட்டில் பேசுவது இங்கே கேட்டால், இங்கே பேசியது? எனக்கு அந்தக் கொல்லைப் பேச்சு ஞாபகம் வந்தது. அம்மாவுக்கு அது இன்னும் எட்டவில்லை. லதா என்ன சொல்லப்போகிறாளோ என்பதிலேயே இருந்தாள்.

"பொண்ணு தங்கமான பொண்ணும்மா. கண்ண மூடிகினு கட்டலாம்."

"பொண்ணைப் பத்தி எல்லாரும் நல்லாத்தான் சொல்றாங்க. அந்த அம்மாவுக்குத்தான் வாய் ரொம்ப ஜாஸ்தின்னு..."

போனில் இரைச்சல் மட்டும் ஓடியது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து எங்கள் தலைக்குப் பக்கத்தில் சேவல் கூவியது. ஒன்பது மணி என்று அந்தக் குரல் இங்கிலீஷில் அறிவித்தது. அப்பா பாய்ந்து கடிகாரத்தைக் கவிழ்த்துப் பிடித்தார்.

"என்னம்மா, போனுக்குள்ள சேவல் கூவுது?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"எதிர்வூட்டுக் கடிகாரம்மா" என்றார் லதா அக்கா நிதானமாக. "அது அப்படித்தான் நடுவுல பூந்து கேக்கும்."

நாங்கள் கேட்டுக்கொண்டிருப்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. இனி அவர் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். பழி தீர்த்துக்கொள்ள இதைவிட நல்ல சமயம் யாருக்கும் வாய்க்காது. என் கல்யாணம் அவர் வாயில் இருந்தது.

"நீங்க கேட்டதுக்கு வரேன்" என்றார். "பேசுவாங்க, இல்லன்னு சொல்லல. ஆனா என் வூட்டுக்காரர் ஊர்ல இல்லாத இத்தினி வருஷத்துல, எனக்கு ஜுரம்னா மொதல்ல கஞ்சி எடுத்துகினு வர்றது அவங்கதான். அந்த வூட்டுல பொண்ணு எடுக்க யோசிக்காதீங்கம்மா."

அந்த அம்மா சந்தோஷமாக நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்தார். எங்கள் போனில் அந்தச் சத்தம் கேட்டது. லதா அக்கா வைக்கவில்லை.

"பிரபாக்கா, கேட்டீங்க இல்ல? நல்லபடியா சொல்லிட்டேன். ஆரத்திக்கு வரலட்சுமியக்காவையே வரச் சொல்லுங்க. நான் அன்னிக்கு டூட்டி போட்டுக்கறேன்."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். இது நிஜமில்லை, வழக்கம்போல் உங்கள் சாமான்தான் ஏதோ உளறுகிறது என்று அவர் சொல்லமாட்டாரா என்று பார்த்தாள்.

"அன்னிக்கு நான் பேசினது பூராவும் கேட்டுட்டாளா?"

அப்பா போனை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "பேட்டரி நல்லாத்தான் கீது பிரபா" என்றார்.

அம்மா செருப்புகூடப் போடாமல் இறங்கித் தெருவைக் கடந்தாள். லதா அக்கா கதவைத் திறந்தார். கையில் இன்னும் அந்தப் போன் இருந்தது. அம்மா அவர் எதிரில் நின்றாள். பிறகு அப்பா கையிலிருந்த போனிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "லதா..." என்றாள். அந்த மாதிரிக் குரலில் அம்மா பேசி நான் கேட்டதேயில்லை. நான் காதை நெருக்கமாகக் கொண்டுபோனேன்.

அப்பா பட்டனை அழுத்தி அணைத்துவிட்டார். அவர் வாங்கிவந்த ஒரு சாமான் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் கையால் அணைத்தது அதுதான் முதல் தடவை. "இது நம்ம கேக்கற பேச்சு இல்ல" என்றார்.

என் நிச்சயத்தன்று லதா அக்கா சொன்னபடியே டூட்டிக்குப் போய்விட்டார். ஆரத்தித் தட்டு கரைத்தபடியே கூடத்தில் இருந்தது. சித்தி எடுக்கப்போனாள், அம்மா விடவில்லை. லதாவுக்கு என்று கரைத்ததை வேறு யாரையும் தொடவிடவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வாசலில் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, ஆரத்தி இல்லாமலே உள்ளே வந்தார்கள். மரியாதை தெரியாத குடும்பம் என்று என் மாமியார் இன்றுவரை அதைச் சொல்லிக்காட்டுவார். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் அம்மா பதிலுக்கு ஒரு வார்த்தை பேசமாட்டாள்.